ஏழரை லட்சத்துக்கு ஐந்து வயது எலெக்ட்ரிக் கார்: வாங்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 ஜூலையில் பதிவான நெக்ஸான் ஈவி, 30.2 யூனிட் பேட்டரி, 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏழரை லட்சம் சொல்கிறார்கள். முதல் ஓனர் பதினாறு லட்சம் கொடுத்து வாங்கியது, ஆக பாதி விலைக்கும் கீழே வருகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்வர மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், ஐந்து வருடமாவது வைத்துக்கொள்ள எண்ணம், இன்னும் எவ்வளவு விலை இறங்கும் என்பது கேள்வி. கேட்டிருப்பது விலை இறக்கத்தைப் பற்றி என்றாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: முதல் ஆள் எட்டரை லட்சம் விட்டுவிட்டார், அது எனக்கு லாபமா, இல்லை மிச்ச நஷ்டம் என் தலையில் விடியுமா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். பல வருடங்களாக ராயபுரத்திலிருந்து மணலி வரைக்கும்தான் பெரும்பாலும் வேலை, நடுநடுவே பழைய வண்டிக்கு லோன் கொடுக்கும் வங்கிகளுக்கு மதிப்பீடும் செய்து கொடுப்பேன். மெக்கானிக் இல்லை, பேட்டரியைப் பிரித்து எந்த செல் கெட்டது என்று சொல்லும் ஆளும் இல்லை. வண்டியையும் அதன் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பதினாறு லட்சத்தை மறந்துவிடுங்கள். விற்பவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார், ஆனால் இன்றைய விலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பெட்ரோல் காரில் புது வண்டி விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும், அதனால் பழைய வண்டி விலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எலெக்ட்ரிக்கில் நடந்தது தலைகீழ். பேட்டரி விலை இறங்க இறங்கப் புது கார் விலையும் இறங்கியது. 2024 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் ஈவிக்கு 1.2 லட்சம் வரை குறைத்தார்கள், அதே வருடம் செப்டம்பரில் பண்டிகை விலை என்று சொல்லி மூன்று லட்சம் வரை குறைத்தார்கள். இன்று டியாகோ ஈவி எட்டு லட்சத்தை ஒட்டியும் பஞ்ச் ஈவி பத்து லட்சத்தை ஒட்டியும் எக்ஸ்-ஷோரூமில் தொடங்குகின்றன. போதாததற்கு 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கிறது, ஆக பெட்ரோல் கார் பக்கத்திலும் விலை நெருங்கி வந்துவிட்டது. நீங்கள் ஒப்பிட வேண்டியது ஏழரை லட்சத்தையும் பதினாறு லட்சத்தையும் அல்ல. முழு வாரண்டியோடு ஒரு புது சின்ன ஈவி என்ன விலைக்கு வருகிறது, அதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நெக்ஸான் பெரிய கார், வசதி அதிகம், உண்மைதான். ஆனால் அந்த வசதிக்கு விலையாக நீங்கள் கொடுப்பது ஐந்து வருட வாரண்டியை.

வாரண்டிதான் இங்கே எல்லாம். இந்த வண்டியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை. உங்கள் ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் இடிக்காது, வருடம்தான் இடிக்கும்: 2029 ஜூலை. அதாவது மிச்சம் மூன்று வருடம் சொச்சம். நீங்கள் ஐந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கடைசி இரண்டு வருடம் வாரண்டி இல்லாமல் ஓட்டுகிறீர்கள், விற்கும்போது வாரண்டி இல்லாத வண்டியாக விற்கிறீர்கள். வாரண்டி முடிந்த மறுநாள் பேட்டரி செத்துவிடாது, அது நிச்சயம். இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை, வெயிலையும் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுவதையும் மற்ற வகைகளை விட நன்றாகத் தாங்கும், கொள்ளளவு மெதுவாகத்தான் குறையும். நிச்சயமில்லாதது சந்தை. வாரண்டி முடிந்த எலெக்ட்ரிக் காரை வாங்க வருபவன் பேட்டரியைப் பார்த்து விலை சொல்ல மாட்டான், பேட்டரி போனால் என்ன ஆகும் என்ற பயத்தைப் பார்த்துச் சொல்வான். முழு பேட்டரி மாற்ற லட்சக்கணக்கில் ஆகும், அது அப்போதைய வண்டி விலையையே எட்டிவிடும். நம் ஊரில் எட்டு வயதைத் தாண்டி விற்பனைக்கு வந்த இந்த வகை கார்கள் இன்னும் மிகக் குறைவு, அதனால் 2029-ல் இவ்வளவு போகும் என்று அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் அது ஊகம். நான் கீழே போடும் கணக்கில் வரும் மறுவிற்பனை விலையும் ஊகம்தான், கொஞ்சம் கையை இறுக்கிப் பிடித்துப் போட்ட ஊகம்.

ஏழரை லட்சத்துக்கு வாங்கி, வாரண்டி முடியும் சமயத்தில், அதாவது மூன்று வருடம் கழித்து, மூன்று லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். நஷ்டம் நாலரை லட்சம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அதே ஏழரை லட்சத்துக்கு ஒரு நல்ல பழைய பெட்ரோல் கார் வாங்கினால் மூன்று வருடத்தில் ஐந்து லட்சத்துக்காவது போகும், வருடத்துக்கு 83,000 நஷ்டம். ஆக எலெக்ட்ரிக்கில் விலை இறக்கத்தால் மட்டும் வருடத்துக்கு 67,000 கூடுதலாகப் போகிறது. இப்போது எரிபொருள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், ஊருக்குள் 14 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் சொச்சம். இந்த நெக்ஸான் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும், வீட்டுக் கரண்டில் கிலோமீட்டருக்கு ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் ரூபாய். மிச்சம் ஐந்தரை ரூபாய், வருடம் 12,000 கிலோமீட்டருக்கு 66,000. பார்த்தீர்களா, கரண்டில் மிச்சம் பிடித்ததை விலை இறக்கம் அப்படியே விழுங்கிவிட்டது. ஆயில் மாற்றுவது, கிளட்ச் தேய்வது இல்லாததால் சர்வீஸில் சில ஆயிரங்கள் கையில் நிற்கும், அவ்வளவுதான். இதே வண்டியை ஆறு லட்சத்துக்கு வாங்கினால் வருட நஷ்டம் ஒரு லட்சமாகிறது, பெட்ரோல் காரை விட 17,000 மட்டும் கூடுதல், அப்போது வருடத்துக்கு ஐம்பதாயிரம் உண்மையிலேயே மிச்சம். உங்கள் ஓட்டம் மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டராக இருந்திருந்தால் ஏழரை லட்சத்துக்கே கணக்கு கட்டுப்படியாகும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு வாங்கும் விலைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அந்த ஒன்றே முக்கால் ரூபாயும் சும்மா வராது, எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, நம் பகுதியில் இதுதான் பெரிய சிக்கல். வாடகை வீடு, மாடியில் குடியிருப்பு, கீழே கார் நிறுத்த இடம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் மீட்டர் யார் பேரில்? ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று, உங்கள் காருக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 340 யூனிட் போகும். வீட்டில் ஏற்கெனவே 400 ஓடுகிறது என்றால் மொத்தம் 740. ஐந்நூறைத் தாண்டிய உடனே மேலே உள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், அறுநூறைத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றுக்கு மேல், தவிர 101-லிருந்து 200 வரை கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். கூட்டிப் பார்த்தால் காரால் மட்டும் பில் சுமார் மூவாயிரம் ஏறும். மே மாதம் ஏசியும் சேர்ந்தால் இன்னும் மேலே. ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வாங்குபவராக இருந்தால் அவரிடம் வண்டி வாங்கும் முன்பே பேசிவிடுங்கள், வாங்கிய பிறகு பேசினால் விலை அவர் சொல்வதுதான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் வரியோடு யூனிட் இருபது ரூபாயைத் தாண்டும், 22 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல், உங்கள் 66,000 மிச்சம் 43,000 ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுத் தெருவில் நிற்கும் காருக்கு சார்ஜ் போடுவதை வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைச் சந்துகளில் பார்க்கிறேன். 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் கரண்ட் இழுக்கும் விஷயம் அது, பழைய வீட்டு ஒயரிங் சூடேறும், மழைக்காலத்தில் தரையில் கிடக்கும் பிளக் யாரையாவது அடிக்கும். தனி ஒயர், சரியான எர்த், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டுத்தர ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடுத்து தண்ணீர். வட சென்னையில் எந்த எலெக்ட்ரிக் கார் வாங்கினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வண்டி எங்கே நின்றது என்பதுதான். பேட்டரிப் பெட்டி புதிதாக இருக்கும்போது தண்ணீர் புகாதபடிதான் வருகிறது, ஆனால் இரண்டு மூன்று நாள் சாக்கடைத் தண்ணீரில் நிற்பதற்குச் செய்ததில்லை. கனெக்டரில் ஈரம் தங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்து இன்சுலேஷன் எச்சரிக்கையாக டேஷ்போர்டில் வரும். தண்ணீர் புகுந்ததால் வந்த பழுதை வாரண்டியில் செய்து தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓனர் எங்கள் தெருவில் தண்ணீரே வரவில்லை என்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் பாலிசியைக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2021 ஜூலையில் வாங்கி ஒரு கிளெய்மும் இல்லாத வண்டி என்றால் இப்போது நடப்பிலிருக்கும் பாலிசியில் 45 இருக்க வேண்டும். வெறும் 20 இருந்தால், 2023 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம், மிக்ஜாம் அதற்குள்தான் வருகிறது. அது வெள்ளமாக இருக்க வேண்டும் என்றில்லை, கன்டெய்னர் லாரி உரசி பம்பர் மாற்றியதாகவும் இருக்கலாம், கிளெய்ம் பேப்பரைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். மறுபக்கமும் உண்டு: போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய காரிலிருந்து 50 சதவீதத்தை இதற்கு மாற்றியிருக்கலாம், போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் வாங்கியிருக்கலாம். அதனால் கூடுதல் போனஸ் எதையும் நிரூபிக்காது, குறைந்த போனஸ் மட்டும்தான் கேள்வி எழுப்பும்.

பேப்பருக்குப் பிறகு வண்டி. முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை, அது இனி வராது என்னும் வரை இழுங்கள். வாட்டர் வாஷ் செய்பவன் சீட்டைக் கழுவுவான், கார்பெட்டை மாற்றுவான், பெல்ட்டின் உள்சுருளைத் தொட மாட்டான். தண்ணீர் ஏறிய வண்டியில் அந்தக் கடைசி ஒரு அடியில் மங்கலான ஒரு பழுப்புக் கோடு குறுக்கே ஓடும், விரலால் தேய்த்தால் நைசான மண் வரும். அப்புறம் சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள குழி. பின்பு வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி அடியில் நின்று பாருங்கள், கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. பேட்டரித் தட்டில் ஸ்பீடு பிரேக்கர் உரசிய கோடுகள் இருந்தால் பரவாயில்லை, உள்வாங்கிய பள்ளம் இருந்தால் விலகிவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரமாக நின்ற வண்டியில் அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு கேபிள்கள் சேரும் இடத்தில் அது இருந்தால் சர்வீஸ் சென்டர் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எர்ணாவூர்ப் பக்கத்து வண்டியாக இருந்தால் அடியில் கருப்பாக எண்ணெய்க் கறை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், மிக்ஜாம் வெள்ளத்தில் அங்கே தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. பிரேக் டிஸ்க்கில் துரு இருந்தால் பயப்பட வேண்டாம், எலெக்ட்ரிக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் உப்புக் காற்றில் சீக்கிரம் பிடிக்கும்.

பேட்டரி எவ்வளவு தேறும் என்பதை அறிய சர்வீஸ் சென்டரில் ஆரோக்கிய அறிக்கை கேட்கலாம், கட்டணம் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள். நான் அதைவிட நம்புவது ரோட்டை. முதல் நாள் இரவு மெதுவான சார்ஜரில் நூறு சதவீதம் ஏற்றச் சொல்லுங்கள், ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றிய நூறு வேண்டாம். எல்எஃப்பி பேட்டரியில் சார்ஜ் பாதியில் இருந்தாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் மீட்டர் காட்டும் சதவீதம் சில நேரம் தப்பாக ஓடும், முழுதாக மெதுவாக ஏற்றினால்தான் சரியாகும். காலையில் ஏசி போட்டு, செங்குன்றம் வழியாக ஜிஎன்டி ரோட்டில் கும்மிடிப்பூண்டி போய்த் திரும்புங்கள், அறுபது எழுபதில் ஓட்டுங்கள். எண்பது கிலோமீட்டருக்கு நாற்பது சதவீதம் இறங்கினால் முழு சார்ஜுக்கு இருநூறு, இந்த பேட்டரிக்கு அது நல்ல எண். கம்பெனி சொன்ன 312 சோதனைக்கூட எண், அதை வைத்து அளக்காதீர்கள். ஐம்பது சதவீதம் இறங்கினால் நூற்றறுபது, அப்போது விலையில் பெரிதாகக் குறைக்க வேண்டும். முடிந்தால் இருபது சதவீதத்துக்குக் கீழேயும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள், கெட்ட செல் இருந்தால் அங்கேதான் வெளியே வரும், பதினெட்டிலிருந்து திடீரென்று ஒன்பதுக்கு விழும். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி எலெக்ட்ரிக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மோட்டார் சக்தியைப் பொறுத்தது: 30 முதல் 65 கிலோவாட் வரை 2,904 ரூபாய், அதற்கு மேல் 6,712. நெக்ஸானின் மோட்டார் 95 கிலோவாட், ஆக 6,712. அதே நெக்ஸான் பெட்ரோலுக்கு 3,416-தான். இது சின்னத் தொகை. பெரியது, ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஆட்-ஆன்) கிடைக்குமா என்பது. அது இல்லாமல் விபத்தில் பேட்டரி அடிபட்டால் பேட்டரிக்கு 50 சதவீதம் கழித்துத்தான் கொடுப்பார்கள், மீதி உங்கள் கையிலிருந்து. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஐடிவிக்கு (பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) வரையறுத்த அட்டவணை கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி முடிப்பதுதான், பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். லோன் என்றால் பழைய வண்டிக்கு வட்டி புது வண்டியை விடச் சில சதவீதம் கூடுதல், மேலே போட்ட கணக்கில் நான் வட்டியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் புது டியாகோ இன்னும் நெருங்கி வரும். டீலர் மூலம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, தனி ஆளிடம் நேராக வாங்கினால் அது இல்லை.

ஆக என் கருத்து: ஏழரைக்கு வேண்டாம். சார்ஜ் பாயிண்ட் உறுதியாகி, பேப்பர் சுத்தமாக இருந்து, ரோட்டில் முழு சார்ஜுக்கு இருநூறை ஒட்டிக் கொடுத்தால் ஐந்தே முக்காலில் பேச்சை ஆரம்பித்து ஆறு, மிஞ்சிப்போனால் ஆறேகாலில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கேட்டால் அதே காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் புது சின்ன ஈவியோ, ஐந்து வருடம் போனாலும் விற்க முடிகிற பழைய பெட்ரோல் காரோ வாங்குவது மேல். இதை விட்டு வேறு ஈவி பார்க்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: சில புது மாடல்களுக்கு ஆயுள் வாரண்டி என்று விளம்பரம் வருகிறது, அது முதல் ஓனருக்கு மட்டும். சிலவற்றில் பேட்டரி வாடகைத் திட்டத்தில் இருக்கும், கார் உங்களுடையது, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் மாதா மாதம் கட்ட வேண்டும். ஆர்சியையும் லோன் பேப்பரையும் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒத்துவந்தால், மீதிப் பணம் கைமாறும் முன்பு வண்டியோடு வந்த சார்ஜிங் கேபிள் இருக்கிறதா, அது உங்கள் கண் முன்னே வேலை செய்கிறதா என்று பாருங்கள், தனியாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் செலவு. வாரண்டியை உங்கள் பேருக்கு மாற்ற என்ன பேப்பர் வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, மொபைல் ஆப்பில் பழைய ஓனரின் கணக்கிலிருந்து வண்டியை அங்கேயே, உங்கள் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.